வெண்கலப் பலகையில் ஒரு திருத்தம்

விருந்துக்குக் கோழியா மீனா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குக் கோழியே போதும். போன வருடம் மீன் கேட்டு வாங்கிய இரண்டு பேர் உரைகள் முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். மீன் காரணமா, உரை காரணமா என்று கடைசிவரை தெரியவில்லை.

பலகையின் வாசகத்தை வார்ப்பதற்கு முன்பே என் பார்வைக்கு அனுப்பியதற்கும் நன்றி, மிஸ் ஹேஸ்கின்ஸ். முன்னாள் குத்துச்சண்டை வீரர் சங்கத்துக்கு நீங்கள் புதுச் செயலாளர். எதையும் முறையாகச் செய்கிறீர்கள். உங்களுக்கு முன் இருந்தவர் முதலில் வார்த்துவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்திருப்பார்.

நீங்கள் அனுப்பிய வாசகம் இது: "வெண்டல் கிரிக்ஸ்பி. மிடில்வெயிட். முப்பத்தொரு போட்டிகள், முப்பது வெற்றிகள். எவராலும் தொட முடியாதவர். எவரும் கற்றுத்தராத கலை. இறைவன் தந்த ரேடார்."

எண்கள் சரி. தொட முடியாதவர் என்பதைப் பற்றி நான் சண்டை போடப் போவதில்லை. பலகை என்றால் கொஞ்சம் பொய் இருக்கத்தான் செய்யும், இல்லாவிட்டால் வெண்கலம் எதற்கு. கடைசி இரண்டு வரிகளில்தான் ஒரு தகவல் பிழை. திருத்தம் சின்னது. விளக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வாழ்ந்த தற்காப்பு மேதைகளில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க உங்கள் குழு நான்கு மணி நேரம் வாதாடியதாகக் கேள்விப்பட்டேன். குழுவினரின் நசுங்கிய மூக்குகளைப் பார்த்தாலே தெரியும், அவர்கள் தற்காப்பைப் பற்றிக் கேள்வி ஞானத்தில் பேசுகிறவர்கள் என்று. நான் முப்பது வருடம் அதைச் சொல்லிக்கொடுத்தவன். தற்காப்புக்காரர்களில் மூன்று வகை உண்டு. காலால் ஓடுகிறவன் ஒருவன். இரண்டு கைகளாலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவன் இன்னொருவன். மூன்றாமவன் உங்கள் முன்னாலேயே நிற்பான், ஆனால் குத்து போய்ச் சேரும்போது அங்கே இருக்க மாட்டான். வெண்டல் மூன்றாவது வகை. இடது தோளைத் தூக்கித் தாடையை அதற்குப் பின்னால் மறைத்துக்கொள்வான். எதிராளியின் வலது கை வந்தால் தோளை லேசாகத் திருப்புவான். குத்து மழைத்தண்ணீர் மாதிரி வழிந்து போய்விடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்காது. பிலடெல்பியாவில் ரத்தம் வராத சண்டைக்கு வந்தவர்கள், தங்களை யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வெண்டல் ஜெயிக்க ஜெயிக்க ஊளையிட்டார்கள். "டேய் டான்ஸ் மாஸ்டர், ஜோடி யாருடா?" என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்பான். "வீட்டுக்குப் போய் கல்யாண வரவேற்புல ஆடுடா" என்பான் இன்னொருவன். வெண்டல் ரவுண்டுக்கு நடுவிலேயே அவர்களைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைப்பான். குனியும்போது ஒரு குத்து தலைக்கு மேல் போகும். அதற்கும் ஊளைதான்.

என்னிடம் வந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. ஜெர்மன்டவுன் அவென்யூவில் டயர் கடைக்கு மேல் என் ஜிம் இருந்த காலம். பத்தொன்பதில் ஒரு பயிற்சிச் சண்டையில் எதிரே நின்ற ஹெவிவெயிட்காரனின் கட்டைவிரல் அவன் இடது கண்ணில் ஏறியது. அவ்வளவு பெரிய ஆளோடு அவனை இறக்கிவிட்டது நான்தான். பயம் தெளியட்டும் என்று. ஒரு வாரம் கழித்து வந்து, "பெருசு, இந்தப் பக்கம் திரை போட்ட மாதிரி இருக்கு" என்றான். ஒரு மாதத்தில் திரை முழுவதும் இறங்கிவிட்டது.

இடது கண் போனவனுக்கு எதிராளியின் வலது கை தெரியாது. குத்துச்சண்டையில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்தக் கைதான். நியாயப்படி அவனைத் தபால் நிலையத்தில் வேலைக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும். அவன் மாமா அங்கே இடம் பார்த்தும் வைத்திருந்தார். நான் அவனுக்கு வேறு ஒன்று சொல்லிக்கொடுத்தேன்.

முதலில், டாக்டரை ஏமாற்றுவது. எடை பார்க்கும் நாளில் சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருக்கும். ஒரு கண்ணை மூடு, படி. இப்போது மறு கண்ணை மூடு, படி. வெண்டல் வலது கையால் இடது கண்ணை மூடிப் படிப்பான். பிறகு கையை மாற்றி, இடது கையால் அதே இடது கண்ணை மூடிப் படிப்பான். கை மாறியதுதான் டாக்டருக்குத் தெரியும். அவர் கையில் எப்போதும் ஒரு மீட்பால் சாண்ட்விச் இருக்கும், அவருடைய இரண்டு கண்களும் அதன்மேல்தான். முப்பத்தொரு முறை வெண்டல் அந்தப் பரீட்சையில் தேறினான். அது என் யோசனை. சின்ன விஷயம்தான், ஆனால் ஒப்புக்கொள்ள உட்கார்ந்த பிறகு எதையும் விட்டுவிடக் கூடாது.

அடுத்து, கை. குத்து கையில் பிறப்பதில்லை, மிஸ் ஹேஸ்கின்ஸ். காலில் பிறக்கிறது. வலது கையை வீசப் போகிறவனின் வலது குதிகால் முதலில் தரையைவிட்டு எழும். அங்கிருந்து இடுப்பு, தோள், பிறகுதான் கை. மேடையின் மூலையில், கீழே, மேடைத் தளத்தின் மட்டத்தில் என் தலை இருக்கும். குதிகால் எழுவது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அது எழுந்ததும் மேடை விளிம்பில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவேன். ஒன்றே ஒன்று. தட்டு கேட்டால் வெண்டல் தோளைத் திருப்ப வேண்டும். யோசிக்கக் கூடாது.

இரண்டு வருடம் பழக்கினோம். கண்ணைக் கட்டிப் பழக்கினேன். ரேடியோவைக் கத்தவிட்டுப் பழக்கினேன். ரவுண்டு முடியப் பத்து நொடி இருக்கும்போது நேரம் பார்க்கிறவர் மரக்கட்டையைத் தட்டுவாரே, அதற்கு அசையக் கூடாது என்று தனியாகப் பழக்கினேன். கடைசியில் மரத்துக்கு அசைய மாட்டான், காலடிக்கு அசைய மாட்டான். என் உள்ளங்கைக்கு மட்டும், தூக்கத்தில் தட்டினாலும் அசைவான். பயிற்சிக்கூடத்து பெஞ்சில் அவன் கண்ணயர்ந்திருந்த ஒரு மத்தியானம் தட்டிப் பார்த்தேன். தோள் திரும்பியது.

மூலையில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. தட்டக் கூடாது என்று எழுதவில்லை. நடுவர்கள் அதை என் நரம்புத்தளர்ச்சி என்று நினைத்தார்கள். "ஆம்ப்ரோஸ், நீ பயிற்சியாளனா, பேண்டு வாசிக்க வந்தவனா?" என்று மற்ற மூலைக்காரர்கள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வேன். சண்டை முடிந்ததும் வெண்டலின் முகத்தில் ஒரு கீறல் இருக்காது. என் உள்ளங்கை வீங்கிச் சிவந்திருக்கும். உடை மாற்றும் அறையில் அவன்தான் வாளியில் பனிக்கட்டி போட்டு என் கையை அதில் அமுக்கிப் பிடிப்பான். "நம்ம ரெண்டு பேர்ல அடி வாங்குறது நீதான் பெருசு. உனக்குத்தான் சாம்பியன் பெல்ட்டு குடுக்கணும்" என்பான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்காக.

முப்பதாவது வெற்றிக்குப் பிறகு ஹால் கிரான்ட்ஸ் அவனைப் பற்றி எழுதினார். கிரான்ட்ஸ் அந்தக் காலத்துப் பெரிய பத்திரிகை எழுத்தாளர். குத்துச்சண்டையைச் சிற்பம், சங்கீதம், வானியல் என்று எதனோடு வேண்டுமானாலும் ஒப்பிடுவார், குத்துச்சண்டையோடு மட்டும் ஒப்பிட மாட்டார். இறைவன் தந்த ரேடார் என்பது அவர் கண்டுபிடித்த வரி. உங்கள் குழு அதை அங்கிருந்துதான் எடுத்திருக்கிறது. அதற்கு அடுத்த வரி உங்கள் குழுவுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. "கிரிக்ஸ்பியின் மூலையில் தேவைப்படுவது ஒரு வாளி மட்டுமே, அதைத் தூக்க ஓர் ஆள் இருப்பது ஆடம்பரம்."

அந்த வாரமே ரேடியோவில் பேட்டி. நானும் கூடப் போயிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஒரு நாற்காலி கொடுத்தார்கள். யார் கற்றுக்கொடுத்தது என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"யாரும் இல்ல சார். பொறந்தப்பவே வந்தது. மருத்துவச்சி முதுகுல ஒரு தட்டு தட்ட வந்தாளாம், நான் தோளைத் திருப்பிட்டேனாம். எங்க அம்மா இன்னிக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"அப்ப உங்க கார்னர்ல இருக்குற பெரியவர்?"

"அவரா? நல்லா தண்ணி குடுப்பாரு."

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது.

யாரும் கற்றுத்தரவில்லை என்று சொல்லும்படி அவனுக்குச் சொல்லிவைத்தது நான்தான். அதையும் மறைக்கவில்லை. தட்டு வெளியே தெரிந்தால் கண் வெளியே தெரியும், கண் தெரிந்தால் உரிமம் போகும். சொல்லச் சொன்னேன். இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லச் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாவது போட்டி 1974 மே மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், தொலைக்காட்சிக்காக நடந்தது. ஜெயித்தால் அடுத்தது உலகப் பட்டத்துக்கான சண்டை. எதிராளி டக் ஹார்னிஷ், டொலீடோவில் லாரி ஓட்டுகிறவன். நல்ல மனிதன். வலது கையைத் தவிர அவனிடம் ஒன்றும் இல்லை, அதையும் வீசப் போகிறேன் என்று குதிகாலால் தந்தி கொடுத்துவிட்டுத்தான் வீசுவான். எனக்கு அவ்வளவு சுலபமான பிற்பகல் அமைந்ததே இல்லை.

எட்டு ரவுண்டு நான் தட்டினேன், அவன் திரும்பினான். கூட்டம் ஊளையிட்டது. மேடைக்குப் பக்கத்தில் கிரான்ட்ஸ் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எட்டாவது முடிந்து வந்து உட்கார்ந்தபோது நான் தண்ணீர் கொடுத்தேன். அவன் குடித்துவிட்டு, கண்ணைச் சிமிட்டினான். "நல்ல தண்ணி பெருசு" என்றான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் அப்படித்தான்.

ஒன்பதாவது ரவுண்டில் ஹார்னிஷின் குதிகால் முதல் முறை எழுந்தபோது என் கை மேடை விளிம்புக்கு மேல் இருந்தது. அது கீழே இறங்கவில்லை. கோபத்தில் செய்ததாக நினைக்காதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. பிறவியிலேயே வந்தது என்கிறார்களே, எவ்வளவு வந்திருக்கிறது என்று ஒரு முறை பார்க்கலாம் என்று தோன்றியது. பயிற்சியாளன் தன் ஆளின் அளவைத் தெரிந்துவைத்திருப்பது நியாயம்தானே. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கன்னத்தில் விழுந்தது. பத்து வருடத்தில் அவன் முகத்தில் விழுந்த முதல் வலது கை. அவன் விழவில்லை. ஆச்சரியப்பட்டான். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முப்பது பேரின் முகத்தில் பார்த்திருக்கிறேன், அவனுடையதில் இல்லை.

ஒரு முறை என்று எழுதிவிட்டு இங்கேயே நிறுத்திவிடலாம் என்று நேற்று வரை நினைத்தேன். ஒரு முறை அல்ல. அந்த ரவுண்டில் குதிகால் பதினொரு முறை எழுந்தது. பதினொன்றையும் எண்ணினேன். என் கை மடியிலேயே இருந்தது.

மணி அடித்ததும் வந்து முக்காலியில் உட்கார்ந்தான். இடது காதைத் தேய்த்துக்கொண்டான்.

"பெருசு, கேக்கல. தட்டினியா?"

"தட்டினேன்" என்றேன்.

"ஒண்ணுமே கேக்கலையே."

"கூட்டம் கத்துதில்ல? காதைக் கொஞ்சம் தீட்டி வச்சுக்க."

"சரி" என்றான். பிறகு, "உன் மேல தப்பில்ல, என் காதுதான்" என்றான். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான். சண்டையை நிறுத்தவா என்று நடுவர் என்னிடம் வந்து கேட்டார். அவருக்கு அது கடமை. வேண்டாம், பையன் நன்றாக இருக்கிறான் என்றேன்.

பத்தாவது ரவுண்டைப் பற்றிப் பத்திரிகைகளில் பல விளக்கங்கள் வந்தன. கிரிக்ஸ்பி தலையை ஏன் அப்படிச் சாய்த்தான் என்பது யாருக்கும் புரியவில்லை. ஹார்னிஷை அவமதிக்கிறான் என்றார் ஒருவர். புதிய உத்தி என்றார் கிரான்ட்ஸ், ஏதோ கிரேக்கச் சிலையை உதாரணம் காட்டி. சாய்த்ததற்குக் காரணம் எளிது. அவன் தாடையைத் தோளிலிருந்து வெளியே எடுத்து, காதை என் மூலைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றான். நான் தட்டுவது நன்றாகக் கேட்கட்டும் என்று. மேடை முழுவதும் நகர்ந்தான், தலை மட்டும் என்னை நோக்கியே இருந்தது. ஹார்னிஷ் நெருங்கி வந்து அந்தத் தாடையில் நான்கு முறை அடித்தான். நான்காவதுக்கு முன்னால் அவனே தயங்கினான்; சொன்னேனே, நல்ல மனிதன்.

ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது அரங்கம் எழுந்து நின்றது. பத்து வருடம் ஊளையிட்டவர்கள் கைதட்டினார்கள். அவனுக்கு அந்த ஊர் கொடுத்த முதல் கைதட்டல். ஒவ்வொரு தட்டுக்கும் அவனுடைய இடது தோள் லேசாக அசைந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

விசாரணை நடந்தது. கையுறைகளை அறுத்துப் பார்த்தார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள். தட்டு இருந்தது யாருக்கும் தெரியாததால் தட்டாததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கையை மடியில் வைத்திருப்பது எந்த மாநிலத்திலும் குற்றம் இல்லை என்று நினைக்கிறேன். நான் என் வாழ்நாளில் ஒருவர் மேலும் கை ஓங்கியதில்லை.

அவன் மனைவி ஒடெஸாவுக்கு மட்டும் தட்டு தெரியும். கூட்டத்தின் சத்தத்தில் கேட்காமல் போய்விட்டது என்று அவள் நம்புகிறாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேச வாயெடுத்தால் வார்த்தை வராமல் போகும் நிலையில் வெண்டல் வீட்டுக்கு வந்தான். பிறகு அதுவும் இல்லை. ஒரு ஞாயிறு அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தேவாலயத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாட்டு தொடங்கியது. நம் சபையில் பாட்டென்றால் கை சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும். முந்நூறு பேர் உள்ளங்கையை அடித்தார்கள். வெண்டலின் தோள் திரும்பியது. மறுபடி திரும்பியது. தலை முங்கி எழுந்தது, தோள் திரும்பியது, நிற்காமல், ஒவ்வொரு அடிக்கும், வியர்த்து ஊற்ற. "ஆவியானவர் தொட்டுட்டாரு, பாருங்க சகோதரரைத் தொட்டுட்டாரு" என்று போதகர் கைநீட்டினார். சபை இன்னும் பலமாகத் தட்டியது. பாட்டை இரண்டு முறை திரும்பப் பாடினார்கள்.

நான் என் கைகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து தேவாலயத்தில் நான் கைதட்டுவதில்லை. எங்கேயும் தட்டுவதில்லை. உங்கள் விருந்திலும் தட்ட மாட்டேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாராவது கதவைக் கையால் தட்டினால் என் தோள் திரும்புகிறது. வயதாகிவிட்டது.

இப்போது அவன் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். பதினேழு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். தாதி சாப்பாட்டுத் தட்டை மேஜைமேல் தொப்பென்று வைத்தால் அவன் திரும்ப மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். நான் மேஜையில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் தோள் திரும்பும். உடற்பயிற்சி மாதிரி பத்து நிமிடம் செய்கிறோம். டாக்டருக்கே வியப்பு. "உங்க கை மட்டும்தான் அவருக்குக் கேக்குது மிஸ்டர் பெட்வே. நீங்க இல்லன்னா இவரு கல்லு" என்கிறாள் ஒடெஸா. எனக்குப் பழச்சாறு கொண்டுவந்து வைப்பாள்.

பலகை விஷயம் தெரிந்ததும் அவள் ஒன்று சொன்னாள். "அன்னிக்கு ரேடியோல பேசிட்டு வந்து இவரு சாப்பிடவே இல்ல, தெரியுமா? பெருசு சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன், ஆனா வாய் கூசுதுன்னாரு. பட்டத்தை ஜெயிச்சுட்டு மைக்கைப் பிடிச்சு எல்லாத்தையும் சொல்லிடப் போறேன், உரிமம் போனா போகட்டும், பெல்ட்டைப் பெருசு இடுப்புல கட்டிடப் போறேன்னாரு."

கேட்டபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இதை அவன் முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருக்கலாம். பேசாமல் இருந்தால் இன்னொருவருக்கு எப்படித் தெரியும்.

ஆகையால் என் திருத்தம் இதுதான். கடைசி இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, "பயிற்சி: ஆம்ப்ரோஸ் பெட்வே" என்று போடுங்கள். எழுத்து சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. மேலே எழுதியதைக் குழுவிடம் காட்டுவதும், வேறு யாரிடமாவது காட்டுவதும் உங்கள் விருப்பம். எனக்கு வேண்டியது பலகையில் உண்மை இருக்க வேண்டும் என்பது மட்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிறு இல்லத்துக்கு வாருங்கள், நேரில் காட்டுகிறேன். போன வாரம் ஒடெஸா பழச்சாறு எடுக்கப் போயிருந்தபோது, நான் கையை மேஜைமேல் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெண்டல் தலையைச் சாய்த்தான். தாடை தோளைவிட்டு வெளியே வந்தது. காதை என் பக்கம் கொடுத்துக்கொண்டு காத்திருந்தான். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் போனது, ஒரு முழு ரவுண்டு. அவள் திரும்பி வருகிறவரை அவன் அந்தத் தலையை நிமிர்த்தவே இல்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள், மிஸ் ஹேஸ்கின்ஸ். இவனுக்கு யாருமா கற்றுத்தரவில்லை?